இடப்பக்கம் சுற்றிய கம்பி

மணியண்ணன் ஒரு ரேடியோகிராமின் முதுகுப்பலகையைக் கழற்றினால் முதலில் டார்ச் அடிப்பார், அடுத்தது திட்டுவார். உள்ளே ஈயம் பற்றவைத்திருக்கும் விதத்தைப் பார்த்தே எந்த ஊர்க் கடை என்று சொல்லிவிடுவார், சில சமயம் ஆள் பேரையும் சொல்வார். அந்த ஆள் செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அதற்காகத் திட்டில் ஒரு சொல் குறையாது.

ரேடியோகிராம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இடுப்பு உயர மரப்பெட்டி, ஒரு ஆள் படுக்கிற நீளம். ரேடியோ, இசைத்தட்டு ஓடும் கருவி, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு காலத்தில் பத்து ஊருக்கு ஒரு வீட்டில் இருந்தது. இப்போது ஓட்டல்காரர்களும் சினிமா செட் போடுகிறவர்களும் அதைத் தேடி அலைகிறார்கள். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில், முன்பு லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்த ஷெட்டில்தான் மணியண்ணனின் பட்டறை. உள்வேலை அவருடையது. பெட்டி வேலை, அதாவது வினீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டுவது, அரக்கு பாலீஷ் போடுவது, என்னுடையது. என் பெயர் உஷாராணி. போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போன என் புருஷன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எட்டு வருஷமாக எனக்கும் என் மகளுக்கும் சோறு போடுவது மணியண்ணன் தருகிற வேலைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னைக் கேவலமாக நினைக்கப் போகிறீர்கள், காரணமாவது தெரிந்திருக்கட்டும்.

பழுது பார்ப்பவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மணியண்ணனுக்குப் பேர் கிடைத்தது அடையாளம் சொல்வதில். வெளியே சீமைக் கம்பெனி பேர் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு கதை. எது அசல், எது பாதியில் மாற்றியது, எது உள்ளூர் ஆசாரி செய்து பேர்த்தகடு ஒட்டியது என்று பார்த்துச் சொல்லி, தன் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். கொச்சியிலும் பெங்களூரிலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறார்கள். அவர் சொல்லி ஒன்றுகூடத் தப்பானதில்லை. அதுதான் கெடுதலாகவும் போயிற்று. ஒருமுறை ஒரு ரிட்டயர்டு வாத்தியார், தகப்பனார் ஆசையாக வாங்கிய பெட்டி என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இவர் உள்ளே பார்த்துவிட்டு, "பொட்டி ரேடியோகிராமுங்க. உள்ள இருக்கறது டீக்கடை ரேடியோ. உங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் எனக்கும் அவருக்கும் டீ சொன்னார். டீயைக் குடித்துக்கொண்டே அந்தத் தகப்பனார் எப்படியெல்லாம் ஏமாந்திருப்பார் என்று விளக்கவும் செய்தார். அவருக்கு அதில் ஒரு ருசி.

மணியண்ணனுக்கு இடதுகைப் பழக்கம். ஊர்ப்பேச்சில் பீச்சாங்கை. அறுபத்து மூன்று வயதாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுருங்கும். பதினாறு வயதில் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு ரேடியோ கடையில் வேலை பழகியபோது, இடதுகையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்தார் என்று முதலாளி முட்டியிலேயே போடுவாராம். எவ்வளவு அடித்தும் கை மாறவில்லை. மற்ற மெக்கானிக்குகள் கம்பியை முனையில் வலப்பக்கமாகச் சுற்றிப் பற்றவைப்பார்கள், இவருடையது இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். மூன்று ஜில்லாவிலும் அப்படிச் சுற்றுகிறவன் தான் ஒருவன்தான் என்று பெருமையாகச் சொல்வார். பட்டறை போர்டிலும் லெட்டர்பேடிலும் அந்த அம்மாபேட்டைக் கடையின் பேரைப் போட்டு, அங்கே தொழில் கற்றவர் என்று எழுதி வைத்திருக்கிறார். முதலாளி அந்தக் காலத்தில் இவருக்கென்று முதன்முதலாகக் கொடுத்த சூட்டுக்கோல் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைப்பவள் நான்தான்.

அந்தச் சூட்டுக்கோல் எதற்குக் கிடைத்தது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. போன வருஷம் சேந்தமங்கலத்துக்கு ஒரு பெட்டி பார்க்கப் போய்த் திரும்பும்போது வேனில் அவரே சொன்னார், வீட்டுக்குள் நடந்ததை அங்கே ஓர் அம்மாவிடம் கேட்டேன். நடந்த வரிசைப்படி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தாறாம் வருஷம் ஒரு மைக்செட்டுக்காரர் அந்தக் கடைக்கு ஒரு ரேடியோகிராமைக் கொண்டுவந்தார். சேந்தமங்கலத்தில் அவருடைய மச்சான் வீட்டுப் பெட்டி. மச்சானுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பெண்ணோடு வந்த சீர் அது. பெண்ணின் அப்பா ஜலகண்டாபுரம் பக்கத்து விவசாயி, ஒரு ஜோடி எருதை விற்று வாங்கிக் கொடுத்தது. முள் தேய்ந்து பாட்டு கரகரத்தது, வேறு கோளாறே இல்லை. ஆனால் மைக்செட்டுக்காரர் முதலாளியிடம் தனியாகப் பேசினார். உள்ளே இருந்தது இங்கிலாந்து சேஞ்சர். தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டால் தானாக ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டுக்கும் கோயில் நோம்பிக்கும் பாட்டுப் போடுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? சேஞ்சரும் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் அவருக்குப் போயிற்று. பெட்டிக்குள் உள்ளூர்ச் சாமான் உட்கார்ந்தது. முதலாளி சொன்னார், மாற்றி உட்காரவைத்தது பதினாறு வயது மணியன். அதற்குக் கூலிதான் அந்தச் சூட்டுக்கோல்.

பெட்டி வீட்டுக்குத் திரும்பிய மறுவாரம் மைக்செட்டுக்காரரின் மனைவி மாரக்காள் தம்பி வீட்டுக்கு வந்தாள். சொந்தபந்தம் எல்லாம் இருக்கும்போது பெட்டியின் முதுகைத் திறந்து காட்டினாள். சீமைப் பெட்டி என்று சொல்லி உள்ளூர்ச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாள். தன் புருஷன் செய்ததைத் தெரிந்துகொண்டேதான் சொன்னாள். சம்பந்தியை வரச்சொல்லி வாசலில் நிற்கவைத்தார்கள். அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் பெண்ணை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஈடாக இரண்டு பவுன் சங்கிலி போட்டார். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்து அந்த மனுஷர் நேராகச் சேலம் கடைக்குப் போயிருக்கிறார். முதலாளி கையை விரித்தார். அவர் திரும்பி, மேசையோரம் உட்கார்ந்து இடதுகையால் பற்றவைத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். "சாமி, நீ சொல்லு. அதுல இருந்தது அதுதானா?" என்று கேட்டார். பையன் முதலாளியைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான்.

மனுஷர் அதன் பிறகு மகள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் வருஷம் செத்தும் போனார்.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். சேந்தமங்கலத்திலிருந்து கதிர்வேல் என்று ஒருவர் போன் பண்ணினார். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம், அம்மாவின் கல்யாணப் பெட்டி ஒன்று கிடக்கிறது, அசலாக இருந்தால் விலை சொல்லுங்கள், இல்லையென்றால் மரத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேனை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். மணியண்ணனுக்கு அந்த வீடு தெரியாது. பெட்டியைத்தான் தெரியும், அதுவும் திறந்த பிறகுதான்.

ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், ஒரு ஓரமாகப் பெட்டி இருந்தது. ஐம்பது வருஷத்துப் பெட்டியில் அவ்வளவு சுத்தத்தை நான் பார்த்ததில்லை. தினம் துடைத்திருக்கிறார்கள். எதிர் ஓரத்தில் ஒரு கட்டில். அதில் ரப்பர் ஷீட் விரித்து, எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவி கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாதான் வள்ளியாத்தாள், கதிர்வேலின் தாயார். கட்டிலில் கிடந்தது மாரக்காள். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். தம்பியும் போய்விட்டார். இப்போது மாரக்காளுக்கு மலஜலம் அள்ளுவது வள்ளியாத்தாள்.

"டூப்பு, தண்ணி கொண்டா" என்றாள் மாரக்காள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். வள்ளியாத்தாள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டூப்ளிகேட் பெட்டியோடு வந்தவள் என்பதால் டூப்பு. நாற்பத்தேழு வருஷமாக அந்த வீட்டில் அதுதான் அவருக்குப் பேர். முதலில் மாரக்காள் கூப்பிட்டாள், பிறகு மாமியார், பிறகு கட்டிய புருஷனே கூப்பிட்டாராம்.

இதையெல்லாம் வள்ளியாத்தாள்தான் சமையற்கட்டுக்கு என்னை அழைத்துப்போய்ச் சொன்னார். அழவில்லை. டாக்டர் நங்கையாவுக்கு, அதாவது புருஷனின் அக்காளுக்கு, இரண்டு மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"எனக்கு வெலையெல்லாம் வேண்டாம் சாமி. அது அசல்னா, அந்தக் கட்டலுக்குக் கேக்கறாப்பல அவர ஒருக்காச் சத்தமாச் சொல்லச் சொல்லு. அது கண்ண மூடறதுக்குள்ள கேட்டுட்டுப் போகோணும். என்ற அப்பன் ஏமாத்துக்காரன் இல்லைன்னு அது காதுல உழுகோணும்."

சொல்கிறேன்மா என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆசாரத்துக்கு வந்து, மேலே மூடியைத் திறந்து, தட்டு ஓடும் கருவியை நான்தான் தூக்கினேன். அடியில் ஒரு பிளைவுட் துண்டு. அதையும் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பலகையில் வெட்டியிருந்த ஓட்டை இந்தக் கருவிக்கானதே இல்லை. இங்கிலாந்து சேஞ்சருக்கென்று அளவெடுத்து மெஷினில் வெட்டியது. நாலு மூலையிலும் பழைய திருகு ஓட்டைகள், மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைத்திருந்தன. மரம் பொய் சொல்லாது. பெட்டி அசல், உள்ளே இருந்ததை யாரோ மாற்றியிருக்கிறார்கள். நான் வள்ளியாத்தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சிரிக்கவும் செய்தேன். அந்த அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மணியண்ணன் முதுகுப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார்.

திட்டவில்லை.

எட்டு வருஷத்தில் அவர் திட்டாமல் உள்ளே பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கம்பிகள் எல்லாம் இடப்பக்கம் சுற்றியிருந்தன.

வள்ளியாத்தாள் பெட்டியைப் பார்க்கவில்லை. திருப்புளியைப் பிடித்திருந்த மணியண்ணனின் இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்தார். கதிர்வேல் இருந்தார், வேலையாள் இரண்டு பேர் இருந்தார்கள், அண்டை வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கட்டிலில் மாரக்காள் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சாமி, நீ சொல்லு. இதுல இருந்தது இதுதானா?"

வயதில் ஒத்தவரை அப்படி ஒருமையில் கேட்கிறாரே என்று மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது. மணியண்ணன் தலையைத் தூக்கினார். மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வார்த்தை போதும். யார் மாற்றியது என்று சொல்லக்கூட வேண்டாம்.

"ஆமாங்க" என்றார். "இதுல இருந்தது இதுதானுங்க. லோக்கல் சாமான்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். மாரக்காள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே நாஞ் சொல்லல?" என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். அவளை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சாகப்போகிறவள் அல்லவா.

வள்ளியாத்தாள் என்னைப் பார்த்தார். சமையற்கட்டில் நான் சொன்ன வாக்கு இருந்தது, ஆட்டிய தலை இருந்தது, கைக்கு அடியிலேயே நாலு ஓட்டை இருந்தது. நான் குனிந்து பிளைவுட் துண்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். மகளுக்கு அந்த வாரம் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் சரியாகிவிடுமா?

கதிர்வேல், சரி மரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெட்டியை வேனில் ஏற்றினோம். கிளம்பும்போது வள்ளியாத்தாள் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்தார். மணியண்ணன் கையை நீட்டினார். வழக்கம்போல இடதுகை.

"என்ற அப்பன் சாகற வரைக்கும் ஒரு பீச்சாங்கைப் பையனப் பத்தித்தான் பேசுனாரு" என்றார் வள்ளியாத்தாள். "என்ன கேட்டேன், அவன் என்ன சொன்னான்னு அதையே சொல்லிட்டுக் கெடந்தாரு. குடிங்க சாமி, வெயில்ல வந்திருக்கறீங்க."

மணியண்ணன் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். என் டம்ளரை நான் அப்படியே திண்ணையில் வைத்தேன்.

வேனில்தான் எழுபத்தாறாம் வருஷத்துக் கதையைச் சொன்னார். அழுதபடி சொன்னார் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் அழவில்லை. மாற்றியிருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாமே அண்ணா என்று கேட்டேன்.

"எந்தக் கடையிலன்னு கேப்பாங்க. போர்டுல கடை பேரப் போட்டு வெச்சிருக்கறேன். வயசான காலத்துல திருட்டுப் பட்டம் எனக்கெதுக்கு?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தக் கெழவி இன்னிக்கோ நாளைக்கோ போயிரும். அப்பறம் எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். யாருக்குச் சரியாகப் போகும் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெட்டியை அவர் மரத்துக்கு உடைக்கவில்லை. நீங்கள் நினைத்தது சரிதான். அதே மாடல் இங்கிலாந்து சேஞ்சர், ஆம்போடு வேறு எங்கோ வாங்கியது ஒன்று பட்டறை அலமாரியில் பல வருஷமாகக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து வைத்தார். வெட்டிய ஓட்டைக்குள் அது நூல் பிசகாமல் உட்கார்ந்தது. பழைய அடைப்பைக் குடைந்தெடுத்து நாலு திருகையும் நாலு ஓட்டையிலேயே முடுக்கினார். பதினாறு வயதில் சுற்றிய கம்பிகளை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றினார். அவையும் இடப்பக்கம்தான். இருபத்திரண்டு நாள் நான் பாலீஷ் போட்டேன். எட்டு வருஷத்தில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொச்சியிலிருந்து ஓர் ஓட்டல்காரர் வந்தார். அவருக்கு மணியண்ணன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். பெட்டியும் உள்பாகமும் சீமைக் கம்பெனியின் அசல் தயாரிப்பு என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஓட்டல்காரர் டெம்போவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

படம் பிடித்த அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்து இரண்டு பெட்டி வேலைக்கு வந்திருந்தது. அதை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு, மகள் பீஸின் இரண்டாம் தவணையையும் கட்டிவிட்டு, மணியண்ணனிடம் இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். நான் சொன்னபோது அவர் ஓர் ஆம்பைத் திறந்து வைத்துக்கொண்டு எவனோ ஒரு திருச்சிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். சரி என்றார்.

ஆசாரத்தில் கட்டில் இல்லை. மாரக்காளுக்குக் கருமாதி முடிந்து ஒன்பது நாள் என்றார் வள்ளியாத்தாள். ரப்பர் ஷீட்டைக் கழுவி வாசல் கொடியில் போட்டிருந்தார். நான் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடி இல்லை, படி சாமி என்றார். நான் படித்தேன். பெட்டி அசல், உள்பாகம் அசல், பேர், கையெழுத்து, தேதி.

இன்னொருக்காப் படி என்றார். இந்த முறை சத்தமாகப் படித்தேன், வெளியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

வள்ளியாத்தாள் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

"நல்லாச் சத்தமாத்தான் படிச்ச சாமி" என்றார். "கேக்கறதுக்குத்தான் ஆளில்லை."

பிறகு மோர் கொண்டுவருகிறேன், உட்கார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.